நங்கூரத்தில் ஒரு குடித்தனம்

லங்காவியின் குவா நகரில் படகுத்துறைப் பக்கம் நடக்கிறவர்கள் கழுகுச் சிலையைப் படம் பிடித்து முடித்ததும் கடல் பக்கம் திரும்புவார்கள். எதிரே துபா தீவும் டாயாங் பூந்திங் தீவும் பச்சை மலைகளாக எழுந்து நிற்கும். நடுவே உள்ள நீரில் பாய்மரப் படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். படம் நன்றாகத்தான் வரும். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பழைய படகில் கைலியும் நைட்டியும் காய்ந்துகொண்டிருந்தால் அது எங்கள் வீடு.

கரையில் யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள்தாம். லாட்டரி விழுந்ததா? ராத்திரி தூக்கம் வருமா? மூன்றாவதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், கழிவறை எங்கே என்று. லாட்டரி விழவில்லை. தூக்கம், காற்று விட்டால் வரும். கழிவறை உள்ளேயே இருக்கிறது. கையால் பம்பு அடித்துக் கடல்நீரை இழுத்துக் கழுவ வேண்டும். உப்புநீரும் சிறுநீரும் சேர்ந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அது அடைத்துக்கொள்ளும்போது பம்பைப் பிரித்து வினிகரில் ஊறப்போட்டுச் சுரண்டுவது என் வேலை. சுற்றுலாத் துறையின் விளம்பரங்களில் இது வராது.

நான் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஏர்கோன், ஐஸ் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் படித்துவிட்டு ஹோட்டல் வேலைக்காக இங்கே வந்தேன். 1987-ல் தீவுக்குச் சுங்கவரி விலக்குக் கொடுத்த பிறகு ஹோட்டல்கள் பெருகின. ஹோட்டல் பெருகினால் ஏர்கோன் பெருகும், ஏர்கோன் இருக்கும் இடத்துக்கு எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவோம். ஒருநாள் ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர் தன் படகில் ஐஸ் பெட்டி குளிரவில்லை என்று கூப்பிட்டார். சரிசெய்து கொடுத்தேன். அவர் பக்கத்துப் படகுக்காரரிடம் சொன்னார், அவர் இன்னொருவரிடம் சொன்னார். கொஞ்ச நாளில் ஹோட்டலைவிடக் கடலில்தான் எனக்கு வேலை அதிகம் என்றாகிவிட்டது. பிறகு, வயதாகி ஊர் திரும்பிய ஒருவர் தன் 34 அடி ஃபைபர் படகை விற்றபோது, பழைய காடி ஒன்றின் விலைக்கு அதை வாங்கினேன். எழுபதுகளில் கட்டிய படகு. சுங்கை பட்டாணியில் தையல் கடை வைத்திருந்த என் மனைவி, தன் தையல் இயந்திரத்தோடு ஏறினாள். என் அக்கா இன்றைக்கும் போன் செய்தால் முதலில் கேட்பது, "எப்பதாண்டா தரைக்கு எறங்கப் போற?"

வாங்கும்போது எனக்குக் கடலை நினைத்துத்தான் பயம். அதற்கப்புறம் எத்தனையோ பேர் படகுகளின் அடிவயிற்றில் படுத்து வேலை பார்த்துவிட்டேன். புயலில் போன படகுகள் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன. நங்கூரத்தில் நின்றபடியே செத்துப்போன படகுகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆளில்லாமல், ஓட்டமில்லாமல் கிடக்கும் படகை வெயிலும் மழையும் பூஞ்சையும் சிப்பியும் சேர்ந்து தின்றுவிடும். படகில் குடியிருப்பது என்பது அந்தத் தின்னலோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான்.

உலகத்தில் எத்தனையோ தீவுகள் இருக்க, பாய்மரப் படகுக்காரர்கள் லங்காவிக்கு ஏன் வருகிறார்கள்? டீசலும் உதிரிப்பாகமும் மதுவும் மலிவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வானிலை. இந்தத் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகையை ஒட்டி இருக்கிறது. காற்று சுழன்று புயலாக வேண்டுமென்றால் பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிட வேண்டும். ரேகையை நெருங்க நெருங்க அந்தத் திருப்பும் வலு குறைந்துகொண்டே போகும். அதனால் வங்காள விரிகுடாவில் சுழலும் புயல்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அபூர்வம் என்றுதான் சொல்ல முடியும். 2001 டிசம்பரில் வாமே என்ற சூறாவளி, ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைகூடத் தள்ளாமல், சிங்கப்பூருக்கு அருகே உருவாகி ஜொகூரில் கரையேறியது. அப்படி நடக்கவே முடியாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது.

எங்களுக்கு வரும் தொல்லையின் பெயர் "சுமத்ரா". தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணைக்கு மேல் இரவில் இடிமேகங்கள் வரிசை கட்டும், விடிவதற்கு முன் மேற்குக் கரையில் வந்து மோதும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் 40 நாட் காற்றுகூட அடிக்கும். முதலில் புழுக்கம் சட்டென்று விலகிக் குளிர்ந்த காற்று ஒன்று மேல் திறப்பு வழியாக முகத்தில் விழும். உடனே எழுந்துவிட வேண்டும். நான் முன்பக்கம் போய்ச் சங்கிலியில் கைவைத்துப் பார்ப்பேன். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி இறுகித் தளரும். தரையில் இழுபட்டால் கரகரவென்று அதிர்வு கைக்கு வரும். மனைவி காக்பிட்டில் நின்று துறைமுக விளக்கு ஒன்றையும் பக்கத்துப் படகின் உச்சி விளக்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பாள். "என்னங்க, நம்மது நிக்குது. அந்த ஜெர்மன்காரர் படகுதான் வருது." உடனே டார்ச் அடிப்போம், கத்துவோம், வானொலியில் கூப்பிடுவோம். நம் நங்கூரம் பிடித்தால் மட்டும் போதாது. அண்டை வீட்டுக்காரனுடையதும் பிடிக்க வேண்டும்.

நங்கூரம் என்றால் எடைதான் படகைப் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் நங்கூரம் 20 கிலோ. படகோ ஏழு டன். பிடிப்பது எடையல்ல, கோணம். சங்கிலி தரையோடு கிடந்து பக்கவாட்டில் இழுக்கும்வரை நங்கூரம் சேற்றுக்குள் மேலும் மேலும் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். நாங்கள் நிற்கும் இடத்தில் வற்றும்போது ஐந்து மீட்டர். பெரிய ஏற்றம் வந்தால் இன்னும் மூன்று மீட்டர் சேரும், படகின் முன்முனை நீருக்கு மேலே ஒரு மீட்டர். மொத்தம் ஒன்பது, ஐந்தால் பெருக்கினால் 45 மீட்டர். எட்டு மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. ஆக அறுபது கிலோவுக்கு மேல் இரும்பு எப்போதும் சேற்றில் கிடக்கிறது. எங்கள் படகோடு வந்தது ஏர்க்கலப்பை வடிவிலான பழைய நங்கூரம். அந்த வடிவத்துக்கு 1933-ல் காப்புரிமை வாங்கியவர் கேம்பிரிட்ஜின் ஜி.ஐ. டெய்லர். பின்னாளில் அணுகுண்டு வெடித்த படங்களைப் பார்த்தே அதன் வலுவைக் கணக்குப் போட்டாரே, அதே விஞ்ஞானி. பாய்மரப் படகில் ஊர் சுற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நங்கூரம் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

தண்ணீருக்கு வருவோம். எங்கள் தொட்டி 300 லிட்டர். கரையில் ஒரு குடும்பம் ஒரே நாளில் அதைத் தாண்டிச் செலவழித்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் ஓட்டுவோம். பாத்திரம் முதலில் கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நல்லதண்ணீரில். குளியலும் அப்படித்தான்: பின்பக்க ஏணியில் இறங்கி ஒரு முங்கு, பிறகு இரண்டு லிட்டர் நல்லதண்ணீர். மழைக்காலத்தில் தொட்டியை வானமே நிரப்பும். படகின் நடுவே மனைவி தைத்த கூடாரத்துணி கட்டியிருக்கிறோம், பத்துச் சதுர மீட்டர். நடுவில் ஓர் ஓட்டை, அதில் ஒரு குழாய். ஒரு சுமத்ரா அடித்து 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 300 லிட்டர். முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும், பருந்துகள் துணியின் மேல் விட்டுச் சென்றது கழுவிப் போகட்டும் என்று. வசதியான படகுகளில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருக்கும். சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ள வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் வேண்டும். அந்தப் பம்பு பழுதானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்த இயந்திரத்தைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது.

என் பிழைப்பு மின்சாரத்தில் இருக்கிறது. படகின் ஐஸ் பெட்டியில் உள்ள 12 வோல்ட் கம்ப்ரஸர் ஓடும்போது நாலரை ஆம்பியர் இழுக்கும். இந்த வெக்கையில் நாளில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ஐம்பது ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். மேலே 400 வாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் அதைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும், மேகம் மூடினால் பாதிகூடக் கிடைக்காது. இதில் நிழல் வேறு. தகட்டின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. பாய்மரத்தைத் தாங்கும் ஒரு கம்பியின் நிழல் கோடாக விழுந்தாலே அந்த வரிசையின் மின்சாரம் சரிந்துவிடும். தகடு வாங்கியவர்கள் எத்தனை வாட் என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்பதை.

ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் படகில் நடந்ததைச் சொல்கிறேன். ஐஸ் பெட்டி ஓடி ஓடி நின்றுவிடுகிறது. இதற்கு முன் வந்தவர் கேஸ் கசிகிறது என்று இரண்டு தடவை கேஸ் ஏற்றிப் பணம் வாங்கிப் போயிருக்கிறார். நான் சமையல்கட்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். டான்ஃபாஸ் கம்ப்ரஸர், பக்கத்தில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு. ஒரு சிமிட்டல், இடைவெளி, மறுபடி ஒரு சிமிட்டல். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சிமிட்டல் என்றால் மின்னழுத்தம் போதவில்லை என்று அது தன் மொழியில் அழுகிறது. மீட்டரை வைத்தேன். மின்கலத்தில் 12.7 வோல்ட். கம்ப்ரஸர் முனையில், அது கிளம்ப முயலும் நொடியில் 10.3. 10.4-க்குக் கீழே போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். வழியில் எங்கோ கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் காணாமல் போகிறது. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இணைப்பு ஒன்று சூடாக இருந்தது. மேலுறையை நறுக்கினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெள்ளீயம் பூசாத சாதாரண வீட்டு ஒயர். உப்புக்காற்று நுனி வழியாக உள்ளே ஏறி ஒரு முழம்வரை தின்றிருந்தது. வீட்டில் 240 வோல்ட்டில் ஓடும் சாமான் 12 வோல்ட்டில் அதே வேலையைச் செய்ய இருபது மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதனால் ஒயர் தடியாக இருக்க வேண்டும், வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா எனக்குக் குளிர்ந்த பீர் கொடுத்தபோது, பெட்டி இன்னும் குளிரவில்லையே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பக்கத்துப் படகிலிருந்து வாங்கி வைத்திருந்தாராம்.

மனைவியின் வேலை இன்னும் சுத்தம், இன்னும் லாபம். எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவள் தையல் மேசை. அவள் ஒரு பாயை விரித்தால் நான் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போய்விட வேண்டும். பாய்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. இங்குள்ள வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும். பாயைக் கொண்டுவந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தையலின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவாள். நூல் பொடியாக உதிர்ந்தால் முழுத் தையலையும் திரும்பப் போட வேண்டும் என்று அர்த்தம். டெஃப்லான் வகை நூல் வெயிலுக்கு அசையாது, ஆனால் விலை பல மடங்கு. "நூல்ல காசு மிச்சம் பிடிக்கிறவங்க மூணு வருசத்துல திரும்ப வருவாங்க, வரட்டும்" என்பாள். பாயை இறக்கி உறையில் போடாமல் வருடக்கணக்கில் அப்படியே சுற்றி விட்டுவிடுகிறவர்கள்தாம் அவளுக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

நீருக்கு மேலே இப்படி என்றால் கீழே வேறு கதை. இந்தக் கடல் வருடம் முழுக்க முப்பது பாகை வெப்பத்தை ஒட்டியே இருக்கிறது. அடிப்பாகத்தில் செம்பு கலந்த பெயின்ட் பூசியிருந்தாலும் சில வாரத்தில் பாசி, அதன் மேல் கொட்டலசு. மலாய்க்காரர்கள் தெரித்திப் என்று சொல்லும் கூர்மையான சுண்ணாம்புக் கூடுகள் அவை. உந்துசுழலியில் நான்கு கூடு ஒட்டினாலே என்ஜின் திணறும். நான் மாதத்துக்கு ஒருமுறை மூச்சடக்கி இறங்கிச் சுரண்டுவேன். கலங்கல் தண்ணீர், கை நீட்டினால் விரல் தெரியாது. அப்போதே துத்தநாகக் கட்டியையும் தடவிப் பார்ப்பேன். வெண்கலச் சுழலி, எஃகுத் தண்டு, நடுவே உப்புநீர் என்றால் அதுவே ஒரு மின்கலம். ஏதாவது ஓர் உலோகம் கரைந்தே ஆக வேண்டும். கரைவதற்கென்றே ஒரு துத்தநாகத் துண்டை மாட்டி வைக்கிறோம். அது தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது சுழலி. பெயின்ட் அடிக்கப் படகைத் தூக்க வேண்டும். அதற்கு ரெபாக் தீவுக்குப் போகலாம், அல்லது எல்லை தாண்டித் தாய்லாந்தின் சத்துனுக்கு. படகு தரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் அந்த நாட்களில் ஏணி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். மனைவிக்கு வருடத்தில் பிடிக்காத காலம் அது ஒன்றுதான்.

2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஊருக்குப் போயிருந்த வெளிநாட்டுப் படகுக்காரர்கள் திரும்பி வர முடியாமல் போனது. சில வாரத்தில் திறப்பார்கள் என்று நினைத்தோம். நாட்டின் எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். இரண்டு வருடம் பல படகுகள் ஆளில்லாமல் நின்றன. வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டே இருக்கும்: தயவுசெய்து என் படகை ஒருதடவை எட்டிப் பாருங்கள்.

அப்படிப் போய்த் திறந்த ஒன்று இன்னும் மூக்கில் நிற்கிறது. கதவுப் பலகையை எடுத்ததும் உள்ளேயிருந்து ஈரமும் டீசலும் கலந்த சூடு வந்தது. மெத்தை, புத்தகங்கள், கூரை எல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சை. அலமாரியில் ஒரு ஜோடித் தோல் செருப்பு முழுப் பச்சை. தரைப்பலகை தானாக மிதந்துகொண்டிருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்நீர் என்றால் ஓட்டை. நல்லதண்ணீர் என்றால் மழை. உப்பில்லை. முன்பக்கச் சங்கிலி அறையின் வடிகால் துளையில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. அங்கே தேங்கிய மழைநீர் ஒயர் போகும் ஓட்டை வழியாக உள்ளே வடிந்திருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டிய பம்பு, மின்கலம் தீரும்வரை ஓடியிருக்கிறது, பிறகு நின்றிருக்கிறது. மின்கலம் ஏன் தீர்ந்தது? சூரியத் தகட்டின் மேல் பறவை எச்சம் தடித்த தோலாகப் படிந்திருந்தது. ஒரு குளவியும் சில பறவைகளும் சேர்ந்து ஒன்பது டன் படகை மூழ்கடிக்கும் வேலையில் முக்கால்வாசியை முடித்திருந்தன. வாளியால் இறைத்தோம். அந்தப் படகு பிழைத்தது. குவாவில் பிழைக்காதவையும் இருந்தன. வற்றும் நேரத்தில் சில பாய்மரங்கள் மட்டும் சாய்ந்து நீருக்கு மேல் தெரியும்.

படகுகளைக் கட்டும் துறையான மரினாவில் கட்டிவைத்தால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெலாகா துறைமுகத்திலும் ரெபாக் மரினாவிலும் மிதவை மேடைகள் உடைந்து படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. நான் அப்போது இங்கே இல்லை. இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்: குறுகிய வாய் உள்ள துறைக்குள் நீர் நுழைந்தால் அதற்குத் திரும்பிப் போக வழி தெரியாது.

டிசம்பர் பிறந்துவிட்டால் காற்று வடகிழக்குக்கு மாறும். மழை நின்று, வானம் வெளுத்து, படகுகள் மேற்கே கிளம்பத் தயாராகும். இங்கிருந்து ஜனவரியில் பாய் ஏற்றினால் காற்று பின்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இலங்கை வரைக்கும், மாலத்தீவு வரைக்கும் கொண்டுபோய் விடும். புதிதாக யாரும் கண்டுபிடித்த வழியல்ல இது. சீனத்துறவி யிஜிங் 671-ல் ஊரைவிட்டுக் கிளம்பி, சுமத்ராவில் தங்கி, கெடாவுக்கு வந்து, காற்றுத் திரும்பிய பிறகுதான் அங்கிருந்து வங்கத்துக்குக் கப்பலேறினார். அவர் வந்த கெடாதான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-ல் வந்த இடம். அந்தத் துறைமுகத்தின் மிச்சங்கள் மெர்போக் ஆற்றங்கரையில், பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல் அடித்தளங்களாகக் கிடக்கின்றன. அதற்கு மேலே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை. தோட்டத்தில் நான் வளர்ந்ததெல்லாம் அந்த மலையின் மறுபக்கத்தைப் பார்த்துத்தான். லங்காவியிலிருந்து பினாங்குக்கு முதல்முறை பாய் விரித்துப் போனபோது இடப்பக்கம் அது கடலிலிருந்தே எழும்பி நின்றது. ஐந்து நாட் வேகத்தில் போகிற படகிலிருந்து அந்த மலையை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டே போகலாம். மாலுமிகள் அதை ஏன் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1999-ல் தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய நம் நாட்டு அஸ்ஹார் மன்சோர் கிளம்பியதும் திரும்பி வந்ததும் லங்காவியில்தான். அந்த அளவுக்கெல்லாம் எங்களுக்கு ஆசையில்லை. பினாங்கு, தாய்லாந்துப் பக்கம் கோ லிப்பே, சத்துன், இதுதான் எங்கள் உலகம்.

காசு விஷயம். குவாவில் நங்கூரத்தில் நிற்க வாடகை இல்லை. மரினாவில் படகின் நீளத்துக்கு ஏற்ற கட்டணம். நான் மலேசியன் என்பதால் எந்தப் படகிலும் போய் வேலை செய்து கூலி வாங்கலாம். சுற்றுலா அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டவர் இங்கே கூலிக்கு வேலை பார்க்கக் கூடாது. அவர்களில் பலர் கணினியில் தம் நாட்டு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2023-ல் ஸ்டார்லிங்க் வந்த பிறகு அந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. பின்பக்கக் கம்பியில் வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தால், உள்ளே யாரோ காதில் ஹெட்ஃபோனோடு கூட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தட்டும் மடிக்கணினியும் சேர்ந்து ஐஸ் பெட்டி அளவுக்கு மின்சாரம் தின்னும். மறுவாரம் எனக்குப் போன் வரும்.

இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். போன மாதம் அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு தம்பி, புதிதாகக் கல்யாணமானவர், மனைவியோடு வந்திருந்தார். "அண்ணே, வீட்டு வாடகை கட்டுறதுக்குப் பதிலா ஒரு படகு வாங்கிடலாம்னு பாக்குறோம்." வாடகை மிச்சமாகும் என்ற கணக்கில் வந்தால் வேண்டாம் என்றேன். பெயின்ட், கயிறு, மின்கலம், சங்கிலி என்று படகு தன் வாடகையை எப்படியும் வாங்கிக்கொள்ளும். கைத்தொழில் தெரிந்தவனிடம் குறைவாக வாங்கும், அவ்வளவுதான். என் மனைவி அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துச் சமையல் செய்யச் சொன்னாள். மத்தியானம் ஒன்றரை மணி, கேஸ் அடுப்பு, வேகத்தில் போன சுற்றுலாப் படகின் அலையில் குலுங்கும் குழம்புச் சட்டி. அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண் வியர்த்து ஊற்ற வெளியே வந்து, "புளி எங்க அக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இவள் தாக்குப்பிடிப்பாள் என்று மனைவி என்னிடம் பிறகு சொன்னாள்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பழைய படகு பார்க்கப் போனால் மழை பெய்த மறுநாள் போங்கள். தரைப்பலகையைத் தூக்கிக் கீழே நிற்கும் தண்ணீரை ருசி பாருங்கள். நீருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் கையால் திறந்து மூடுங்கள். இறுகிக் கிடந்தால் அதைத் தொட்டு வருடங்கள் ஆகிவிட்டன. சுவிட்ச்போர்டின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி ஒயரைப் பாருங்கள். பாயின் தையலை நகத்தால் சுரண்டுங்கள். என்ஜினை நீங்கள் போய்ச் சேரும்போது விற்பவர் ஏற்கெனவே ஓடவிட்டு வைத்திருந்தால், நிறுத்தி ஆறவிட்டுத் திரும்பக் கிளப்பச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்ததும், கடைசியாக எப்போது நங்கூரம் தூக்கினீர்கள் என்று கேளுங்கள். போன வாரம் என்று உடனே பதில் வந்தால் அவர் சொல்லும் விலையிலிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள்.